தாடி ஓணானுக்குக் கீரை கொண்டுவந்தவர்

ஒரு மாதமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் வகுப்புப் பெண்கள் நீங்கள் எல்லோரும் நமது வாட்ஸ்அப் குழுவில், எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆடிக் கலவரத்தில் வீடுகளோடு எரிந்துபோன சாமான்களைப் பற்றி எழுதுகிறீர்கள். ஒருத்தி அம்மாவின் தையல் மெஷினைப் பற்றி எழுதினாள். ஒருத்தி ஆர்மோனியப் பெட்டியைப் பற்றி. கனடாவில் இருக்கிறவள் ஒரு சோடி வெள்ளைச் சப்பாத்தைப் பற்றி மட்டும் இரண்டு பக்கம் எழுதியிருந்தாள். பரிசளிப்பு விழாவுக்கென்று வாங்கியதாம், ஒருநாள்கூடப் போடவில்லையாம். எல்லாவற்றையும் வாசித்தேன். ஐம்பத்து மூன்று வயதுக்காரி ஒருத்தி அடுத்தவளுடைய சப்பாத்துக்காக அழுவாள் என்று நினைத்தும் பார்த்திருக்க மாட்டேன்.

"உன்ரை வீடும்தானே எரிஞ்சது, நீ ஏன் ஒண்டும் எழுதேல்லை?" என்று கேட்டீர்கள்.

எங்கள் வீட்டில் ஒரு ஓணான் இருந்தது. உங்களில் இரண்டு பேர் பள்ளி விட்டு வந்து யன்னலால் எட்டிப் பார்த்துவிட்டு ஓடியது ஞாபகமிருக்கும். அதிலிருந்து தொடங்குகிறேன். ஆனால் நான் சொல்ல வேண்டியது அதற்குக் கீரை கொண்டுவந்த ஒருவரைப் பற்றி.

அப்பா அப்போது மகாவலி அணைக்கட்டு வேலையில் படவரைஞராக இருந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கு மாற்றலாகி வந்து நாலு வருடம். வாவிக்கு மேலே, மலைச்சரிவில், கீழே இறங்க எழுபது படி உள்ள வாடகை வீடு. அப்பாவுக்கு மேலே ஒரு வெள்ளைக்கார எஞ்சினியர் இருந்தார். அவர் வளர்த்த பிராணிதான் அது. அந்த வருடம் வைகாசியில் அவருடைய மனைவிக்குப் பிரசவம் என்று இரண்டரை மாத லீவில் ஊருக்குப் போனார். போகும்போது, "உங்கள் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வீர்களா?" என்று அப்பாவிடம் கேட்டிருக்கிறார். அப்பாவின் பதவி உயர்வுக் கடிதம் அவருடைய மேசையில் கிடந்தது. அப்பா என்ன சொல்லியிருப்பார் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

ஒரு சனிக்கிழமை, கந்தோர் ஜீப்பில் கண்ணாடித் தொட்டி வந்து இறங்கியது. நான்கு பேர் எழுபது படியும் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். உள்ளே சிவந்த மணல், ஒரு தட்டைக் கல், ஒரு காய்ந்த மரக்கிளை. கிளையின்மேல் முழங்கை நீளத்தில் அது படுத்திருந்தது. வறண்ட மண்ணின் நிறம். உடலின் இரு பக்கமும் முள்வரிசை. தாடைக்குக் கீழே, சவரம் செய்யாத கிழவருடைய முகத்தைப் போல, முள்ளு முள்ளாய் ஒரு தாடி.

அம்மா வாசற்படியிலேயே நின்றுவிட்டார். "உந்தச் சனியனை ஏன் கொண்டு வந்தனீங்கள்? சமைச்சுச் சாப்பிடுற வீடெல்லே?"

"இரண்டரை மாசம்தானே. பிள்ளை பாக்கும்" என்றார் அப்பா.

பிள்ளை என்றால் நான். பதினொரு வயது. தம்பிக்கு நாலு.

எஞ்சினியர் ஒரு தாளில் விவரமாகத் தட்டச்சுச் செய்து கொடுத்திருந்தார். அப்பா அதைத் தமிழில் எழுதித் தொட்டிக்கு மேலே சுவரில் ஒட்டினார். காலையிலிருந்து மாலைவரை தொட்டியின் மேலுள்ள பல்ப் எரிய வேண்டும், அது பாலைவனத்துப் பிராணி, கண்டிக் குளிர் ஆகாது. தினமும் இலைக்கறிகள் கொடுக்க வேண்டும். இலையை அதன் இரண்டு கண்களுக்கு இடையிலுள்ள தூரத்தைவிடச் சிறிதாக அரிய வேண்டும். ஈர இலை கொடுக்கக் கூடாது. வாரம் இரண்டு முறை பூச்சிகள்.

கடைசி வரியைப் பார்த்ததும் அம்மா, "பூச்சியும் புழுவும் என்ரை வீட்டுக்குள்ளை வராது. மரக்கறி மட்டும் திண்டு இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்விட்டார். எங்கள் வீடு சைவம். அன்றிலிருந்து அந்த ஓணானும் சைவமாகிவிட்டது.

முதல் நாள் பசளி அரிந்து வைத்தேன். அது பார்த்தது, கண்ணை மூடிக்கொண்டது. இரண்டாம் நாள் வல்லாரை. ஒரு துண்டை நாக்கால் தொட்டுவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. கோவா இலை வாடி மணக்கத் தொடங்கியது. மூன்றாம் நாள் நான் தொட்டிக்குப் பக்கத்தில் இருந்து அழுதுகொண்டிருந்தபோது, பின்வாசலில் குரல் கேட்டது.

"அம்மா, கீரைங்கம்மா!"

நாங்கள் அவரைக் கீரைக்காரி என்றுதான் சொல்வோம். 'அவள் வந்திட்டாள்' என்போம். இப்போது அவர் என்று எழுதுகிறேன். அன்றைக்கு எழுதியிருந்தால் அப்படி எழுதியிருக்க மாட்டேன்.

ஹேவாஹெட்டப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து வருவார். தோட்டத்தில் பெயர்பதிந்த வேலை அவருடைய கணவருக்குத்தான். இவர் அவர்கள் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் கீரைப்பாத்தி போட்டு, திங்களும் வெள்ளியும் முதல் பஸ்ஸில் கண்டிக்குக் கூடையோடு வந்து எங்கள் சரிவில் வீடு வீடாக ஏறுவார். முழங்கை வரைக்கும் பச்சை குத்தியிருந்தது. மூக்கின் இரண்டு பக்கமும் சிவப்புக்கல் மூக்குத்தி. அம்மா அவருக்கு ஒரு தகரக் கோப்பையில் தேத்தண்ணி கொடுப்பார். அந்தக் கோப்பை வெளிக்குழாய்க்குப் பக்கத்தில் கவிழ்த்திருக்கும். வீட்டுக்குள் வராது. அவரும் குசினிப் படியைத் தாண்டி வந்ததில்லை.

"பாப்பா ஏன் அழுவுது?" என்று கேட்டார்.

நான் சொன்னேன். அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, "போய்ப் பார். கையைக் கழுவிப்போட்டுப் போ" என்றார். அப்படித்தான் அவர் முதன்முதலாக எங்கள் குசினியைத் தாண்டி, அப்பா படம் வரைகிற முன்னறைக்கு வந்தார்.

தொட்டிக்கு முன்னால் குந்தி, வெகுநேரம் பார்த்தார். அது தலையைத் தூக்கியது. பிறகு முன்கால் ஒன்றை மெதுவாக உயர்த்தி, ஒரு வட்டம் சுற்றிக் கீழே வைத்தது. அது அப்படிச் செய்யும். தன்னைவிடப் பெரியதிடம் பணிந்துபோகிற சைகை அது என்று அப்போது எங்களுக்குத் தெரியாது.

"பாருங்க பாப்பா, கும்புடுது!" என்று சிரித்தார். வெற்றிலைக் காவி படிந்த பல். "இது பசளி எல்லாம் திங்காதுங்க. மலையில கெடக்குற ஓணான் பூவுக்குத்தான் வரும். பூ ஏதாச்சும் இருக்கா?"

வளவு மூலையில் செவ்வரத்தை நின்றது. ஓடிப்போய்ப் பறித்து வந்தேன். அவர் இதழைக் கிழித்து, நுனியைப் பிடித்து ஆட்டினார். ஓணான் கிளையிலிருந்து இறங்கி வந்து, ஒரே கவ்வில் வாங்கிக்கொண்டது. சிவப்பு இதழ் அதன் வாயோரத்தில் ஒட்டிக்கிடந்தது. நான் கைதட்டினேன்.

அதற்குப் பிறகு திங்களும் வெள்ளியும் எனக்குத் திருநாள். எங்கள் வீட்டுக்குரிய கீரைக்கட்டுகளுக்கு அடியில், வாழையிலையில் சுற்றி ஒரு தனிப் பொட்டலம் இருக்கும். மணத்தக்காளி இலை, சாரணை, பூசணிப் பூ, தேயிலைக்கு நடுவில் களையாக முளைக்கும் பெயர் தெரியாத கசப்பு இலை ஒன்று. "இது ஒங்க ராசாவுக்கு" என்று என் கையில் தருவார். சில நாட்களில் பொட்டலத்துக்குள் இன்னொரு சின்னப் பொட்டலமும் இருக்கும், அதற்குள் ஏதோ துடிக்கும். வெட்டுக்கிளி. அம்மா குளிக்கப் போன நேரம் பார்த்துத் தொட்டிக்குள் விடுவோம். "அம்மாகிட்ட சொல்லாதீங்க. அதுவும் பாவம், புல்லு திங்கப் பொறந்த சென்மமில்ல." அம்மாவுக்குத் தெரியாமல் நான் செய்த முதல் காரியம் அதுதான்.

இலை அரிய எனக்குக் கற்றுத்தந்தவர் அவர்தான். இலைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிச் சுருட்டு மாதிரிச் சுருட்டி, ஓரத்திலிருந்து நறுக்கினால் நூல் நூலாய் விழும். என் வயதில் தனக்கு ஒரு மகள் இருக்கிறாள் என்றார். தோட்டப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு. "அதுகிட்ட இந்த ஓணானைப் பத்திச் சொன்னேன். கையெடுத்துக் கும்புடுதுன்னா நம்ப மாட்டேங்குது. பொய் சொல்றேங்குது." ஒருநாள் மகளைக் கூட்டிக்கொண்டு வரும்படி சொன்னேன். அம்மாவிடம் கேட்டுச் சொல்லுங்க என்றார். நான் கேட்கவில்லை. கேட்டால் அம்மா வேண்டாம் என்பார் என்று எனக்குத் தெரியும்.

தோட்டத் தமிழரை இந்தியாவுக்கு அனுப்புகிற ஒப்பந்தத்தில் அவர்கள் குடும்பத்துக்கும் பத்திரம் வந்திருந்தது. கப்பலுக்குக் காத்திருந்தார்கள். "போறோமா இல்லையான்னு தெரியல பாப்பா. நான் பொறந்தது இந்த மலையில. அங்க எனக்கு யாரைத் தெரியும்?"

ஆனி முடிய மழை பிடித்தது. வாவிக்கு மேலே நாள் முழுக்கப் பனிமூட்டம். உடுப்பு காயவில்லை. சுவர்களில் பூஞ்சணம். ஒருநாள் தொட்டிப் பல்ப் வெடித்துவிட்டது. அதேபோன்ற பல்ப் கண்டியில் இல்லை. அப்பா சாதாரணப் பல்ப் ஒன்றைப் பூட்டினார், வெக்கை போதவில்லை. ஓணானின் நிறம் கறுத்தது. தாடி கரியாகிவிட்டது. செவ்வரத்தையைக் காட்டினாலும் கண்ணைத் திறக்கவில்லை.

எஞ்சினியர் வரவேண்டிய சனிக்கிழமைக்கு ஐந்து நாள் இருந்தது. அப்பா கந்தோரிலிருந்து வந்ததும் சப்பாத்தோடு நேரே தொட்டிக்குத்தான் போவார். "செத்துப்போச்செண்டால் நான் அந்த மனுசனுக்கு என்ன முகத்தோடை மறுமொழி சொல்லுறது?" என்பார். கொழும்பில் ஏதோ கலவரம் என்று திங்கட்கிழமை பின்னேரம் வானொலி சொன்னபோதும் அவர் தொட்டிக்குப் பக்கத்தில்தான் நின்றார். "கண்டியிலை ஒண்டும் நடவாது. இது சிங்களவரின்ரை புனித நகரம். விடமாட்டினம்" என்றார். அவருடைய குரலில் சந்தேகமே இருக்கவில்லை.

அன்றைக்குக் காலை கீரை கொண்டுவந்தவரிடம் நான் ஒன்று கேட்டிருந்தேன். அம்மாவுக்குத் தெரியாது. படலைவரைக்கும் பின்னால் ஓடிப்போய்க் கேட்டேன். "நாளைக்கும் வாங்கோ. அந்தக் கசப்பு இலையும் வெட்டுக்கிளியும் கொண்டு வாங்கோ. இல்லாட்டி அது செத்துப்போகும்."

"நாளைக்கு நான் வர்ற நாள் இல்லீங்களே பாப்பா."

நான் அழத் தொடங்கினேன். அவர் என் கன்னத்தைத் துடைத்தார். கையில் கொத்தமல்லி மணம். "சரி சரி. வாறேன்" என்றார்.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு வந்தார். கூடையில் விற்கிறதற்கு ஒன்றுமில்லை. அந்த ஒரு பொட்டலம் மட்டும். பஸ்ஸில் ஆட்கள் குறைவு, கண்டக்டர் ஒரு மாதிரிப் பார்த்தான் என்றார். ஓணானைத் தொட்டியிலிருந்து எடுத்துத் தன் மடியில் வைத்து, சேலைத் தலைப்பால் மூடி, உள்ளங்கையைத் தேய்த்துத் தேய்த்து அதன் முதுகில் வைத்தார். ஒரு மணித்தியாலம் அப்படியே இருந்தார். பிறகு அது கண்ணைத் திறந்தது. ஒரு வெட்டுக்கிளியைத் தின்றது. நாலைந்து இலை தின்றது. அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், வெட்டுக்கிளியைக் கண்டும் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய்த் தேத்தண்ணி கொண்டுவந்தார். நாங்கள் குடிக்கிற கோப்பையில். எதை நினைத்து அப்படிச் செய்தார் என்று தெரியாது. தகரக் கோப்பையை எடுக்க வெளியே போகப் பயந்தும் இருக்கலாம். ஏனென்றால் அப்போதே டவுன் பக்கத்திலிருந்து புகை எழும்பத் தொடங்கியிருந்தது.

முதலில் ஒரு இடத்தில். பிறகு நாலைந்து இடத்தில். கறுத்த புகை. ரயர் எரிகிற மணம் எழுபது படியும் ஏறி வந்தது. கந்தோரிலிருந்து அப்பா குறுக்குவழியாக ஓடிவந்தார், ஒரு காலில் சப்பாத்து இல்லை.

எதிர்வீட்டில் ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர் இருந்தார். சிங்களவர். பருத்தித்துறையில் பல வருடம் வேலை செய்தவர், தமிழ் நன்றாகப் பேசுவார். அவர் தன் பழைய காரைப் பின் ஒழுங்கையில் கொண்டுவந்து நிறுத்திவிட்டு எங்கள் குசினிக் கதவால் வந்தார்.

"ஐயா, வெளிக்கிடுங்கோ. கையிலை இருக்கிறதை மட்டும் எடுங்கோ. கீழ் றோட்டிலை வீடு பாத்துப் பாத்து வாறாங்கள். பள்ளிக்கூடத்திலை பொலிஸ் நிக்குது, அங்கை கொண்டுபோய் விடுறன்."

அம்மா பொட்டை அழித்தார். தாலியைச் சட்டைக்குள் தள்ளினார். தம்பிக்கு 'அப்பா' என்று கூப்பிடக் கூடாது, வாயே திறக்கக் கூடாது என்று சொல்லிக்கொடுத்தார். அப்போதுதான் எல்லோரும் அவரைப் பார்த்தோம். அவர் முன்னறை வாசலில் வெறும் கூடையோடு நின்றார்.

தபாலதிபர் தயங்கினார். "இவவை ஏத்தினால்... சந்தியிலை மறிப்பாங்கள். கையைப் பாத்தாலே தோட்டத் தமிழ் எண்டு தெரியும். பிறகு எல்லாருக்கும் ஆபத்து."

கீரை கொண்டுவந்தவர் பச்சை குத்திய கையைத் தலைப்பால் மூடிக்கொண்டார்.

அப்பா சொன்னார், "நீ இஞ்சையே இரு. உன்னை ஒருத்தரும் ஒண்டும் செய்யமாட்டினம். அவங்கள் தேடுறது எங்களைத்தான். முன்கதவை வெளியாலை பூட்டிவிடுறம், ஆக்கள் இல்லாத வீடெண்டு நினைச்சுப் போயிடுவாங்கள். குசினிக் கதவை உள்ளுக்குத் தாழ்ப்பாள் போடு. இந்த ஓணானையும் ஒருக்காப் பாத்துக்கொள். சனிக்கிழமை துரை வந்திடுவார்."

இதைத்தான் நான் நாற்பது வருடமாகத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். எதிரே தபாலதிபருடைய வீடு இருந்தது. கீரை கொண்டுவந்தவரை அங்கே விட்டிருக்கலாம். பின் ஒழுங்கையால் நேரே மேலே ஏறினால் காடு. ஒருவருக்கும் தோன்றவில்லை. தபாலதிபருக்கும் தோன்றவில்லை. அவர் கெட்ட மனிதர் இல்லை, எங்கள் நாலு பேரின் உயிரையும் காப்பாற்றியவர். அப்பாவும் கெட்டவர் இல்லை. தான் சொல்வதை அவர் நம்பித்தான் சொன்னார். கூலிக்காரியை யார் தேடி வரப்போகிறார்கள் என்று.

"சரிங்கய்யா" என்றார் அவர். "நீங்க போங்க. புள்ளைங்கள பாருங்க."

அம்மா சாவிக்கொத்திலிருந்து குசினிச் சாவியைக் கழற்றி அவர் கையில் வைத்தார். ஓணான் வரும்வரை படி தாண்ட விடாதவருக்கு அன்றைக்கு முழு வீட்டையும் கொடுத்தார்.

நான் போகும்போது திரும்பி நின்று சொன்னேன். இதை வீட்டில் ஒருவரிடமும் சொன்னதில்லை. "அதைத் தனிய விட்டிட்டுப் போகாதேங்கோ" என்றேன்.

"போவ மாட்டேன் பாப்பா" என்றார்.

அப்பா முன்கதவுக்குப் பெரிய பூட்டைப் போட்ட சத்தம் கேட்டது. காரில் நானும் தம்பியும் அம்மாவும் பின்சீற்றுக்குக் கீழே படுத்துக்கொண்டோம், மேலே ஒரு கம்பளி.

முகாம் என்று சொன்ன பள்ளிக்கூடத்தைப் பற்றி நீங்கள் எல்லோரும் எழுதிவிட்டீர்கள். கரும்பலகைக்குக் கீழே படுத்தது, ஒரு வாளித் தண்ணீருக்கு வரிசை, பாண் துண்டு. நான் திரும்ப எழுதவில்லை. எங்கள் வீடு அன்றைக்கே எரிந்துவிட்டது என்று மறுநாள் தபாலதிபர் வந்து சொன்னார். வேறொன்றும் அவருக்குத் தெரியவில்லை, அவர்களும் கதவை அடைத்துக்கொண்டு உள்ளே இருந்தார்களாம்.

நாலாம் நாள் அப்பா பொலிசாரோடு வீட்டைப் பார்க்கப் போனார். திரும்பி வந்து வகுப்பறை மூலையில் சுவரைப் பார்த்தபடி இருந்தார். அம்மா பக்கத்தில் போய்க் குனிந்தார். அப்பா ஏதோ சொன்னார். அம்மா வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஓணான்?" என்று கேட்டேன்.

"செத்துப்போச்சு" என்றார் அப்பா.

"கீரைக்காரி?"

"அவள் போயிருப்பாள். தோட்டத்துக்குப் போயிருப்பாள்."

ஆறாம் நாள் ஊரடங்கு தளர்த்திய நேரம், ஒரு மெலிந்த மனிதர் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார். இடுப்பில் வெள்ளைச் சாரம், கக்கத்தில் குடை. கையைப் பிடித்தபடி ஒரு பெண்பிள்ளை. என் உயரம். எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னிய இரட்டைச் சடை. ஒவ்வொரு வகுப்பறையாகக் கேட்டுக்கொண்டு எங்கள் வகுப்பறைக்கு வந்தார்.

"ஐயா, ஓணான் வளக்குற வீட்டுக்காரங்க நீங்களாங்க?"

அப்பா எழும்பி நின்றார்.

"எங்க வீட்டுக்காரி செவ்வாக்கெழம கீரை எடுத்துக்கிட்டு வந்துச்சுங்க. இன்னும் லயத்துக்கு வரல. ஒங்க வீட்டுக்குப் போனேன், எரிஞ்சு கெடக்கு. அன்னைக்கி ஒங்க வீட்டுக்கு வந்துச்சுங்களாங்கய்யா?"

அப்பா அவரைப் பார்க்கவில்லை. குடையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "செவ்வாய்க்கிழமை அவள் வாற நாள் இல்லையே. வரேல்லை."

"வரலீங்களா?"

"இல்லை. வரேல்லை."

அந்தப் பிள்ளை என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. கீழ்க்குரலில் என்னிடம் கேட்டது. "அம்மா வரலியா? ஒங்களுக்கு ஏதோ எலை வேணும்னு சொல்லிட்டுத்தானே வந்துச்சு."

அம்மாவின் கை என் தோளில் இறங்கியது. அழுத்தவில்லை, சும்மா வைத்தார். நான் தலையை ஆட்டினேன். இல்லை என்று.

அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். "அப்ப பஸ்ஸு வழியிலதான் என்னமோ ஆயிருக்கு. தலாத்துஓயாப் பக்கம் தேடிப் பாக்குறேன்" என்று மகளிடம் சொல்லிக்கொண்டே படியிறங்கியது கேட்டது.

பத்தாம் நாள் லொறிகளில் எங்களை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார்கள். எஞ்சினியர் அப்பாவுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஓணானைப் பற்றி வருத்தப்பட வேண்டாம், உங்கள் குடும்பம் தப்பியதே போதும் என்று. மிக நல்ல கடிதம். அப்பா பிறகு ஒரு பாடசாலையில் சித்திரம் படிப்பித்தார். நன்றாகச் சாப்பிட்டார், பேப்பர் வாசித்தார், சண்டை நடந்த வருடங்களில் பங்கருக்குள்ளும் எங்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். அவரை எதுவும் உள்ளுக்குள் அரித்ததாக எனக்குத் தெரியவில்லை. தெரிந்துவிடக் கூடாது என்று இருந்திருப்பார்.

அவர் இறந்து முப்பத்தோராம் நாள் முடிந்த பிறகுதான் அம்மா சொன்னார். கதிரையில் இருந்து வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னார்.

"அவள் போகேல்லைப் பிள்ளை. அப்பா கண்டவர். முன்னறையிலை. குசினிக் கதவு உள்பக்கம் திறந்துதான் கிடந்ததாம். அவள் வெளியாலை ஓடியிருக்கலாம், திரும்பி ஏன் முன்னுக்குப் போனாளோ தெரியாது. பொலிஸ்காரன் ஆரெண்டு கேட்டவன். தெரியாது எண்டு சொல்லிப்போட்டார். பூட்டினது ஆரெண்டு கேட்பாங்கள் எண்டு பயம்."

ஏன் முன்னறைக்குப் போனார் என்று அம்மாவுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நான் எழும்பி வெளியே போனேன்.

யுத்தம் முடிந்து மூன்றாம் வருடம் எனக்குப் பேராதனையில் வேலை கிடைத்தது. கண்டிக்குத் திரும்பி வந்தேன். ஹேவாஹெட்ட பஸ் வாவிக்கரையால் போகும், தினமும் பார்ப்பேன். அடுத்த மாதம் போவோம், பரீட்சை முடியட்டும், மழை விடட்டும் என்று இரண்டு வருடம் தள்ளிப்போட்டேன். கடைசியில் ஒரு சனிக்கிழமை ஏறினேன்.

தோட்டத்தின் பெயர் மட்டும் ஞாபகம் இருந்தது. கீரை விற்கக் கண்டிக்குப் போய்த் திரும்பி வராத அம்மா என்று கேட்டதும் லயத்து ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிள்ளைக் காம்பராவுக்குக் கை காட்டினார்கள். கொழுந்து பறிக்கிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போகிற இடம். அங்கே ஏணைகளை ஆட்டிக்கொண்டிருந்தவர் என்னைக் கண்டதும் கயிற்றை விட்டார். நரைத்த தலை. அன்றைக்கு வகுப்பறையில் என்னையே பார்த்துக்கொண்டிருந்த அதே கண்.

"நீங்க அந்த ஓணான் வீட்டுப் பாப்பாவா?"

ஓம் என்றேன். உங்கள் அப்பா இருக்கிறாரா என்று கேட்டேன்.

"போன மாசி மாசந்தான் தவறுனாரு."

நான் கண்டிக்கு வந்த பிறகும் ஒன்றரை வருடம் அவர் உயிரோடு இருந்திருக்கிறார்.

ஒரு மர வாங்கில் இருந்தோம். அவரே பேசினார். "அம்மா இந்தியாவுக்கு எவன்கூடயோ ஓடிப்போச்சுன்னுதான் இங்க எல்லாரும் பேசுனாங்க. கண்டியில அந்த வீட்டுக்கே போகலையாமே, பின்ன எங்க போச்சுன்னு கேட்டாங்க. என்னைப் பொண்ணு பாக்க வந்தவங்ககிட்டயும் சொன்னாங்க. அப்பா யாரையும் நம்பல. சண்ட போட்டாரு. பொறகு குடிச்சா மட்டும், போயிட்டாளேன்னு அழுவாரு. கடேசில அவரும் நம்பிட்டாரு. கருமாதி செய்ய மாட்டேன்னுட்டாரு, உசுரோட இருக்கவளுக்கு எதுக்குன்னு."

அப்போது சொன்னேன். செவ்வாய்க்கிழமை வந்ததை, நான் அழுது வரச்சொன்னதை, மடியில் வைத்து வெக்கை கொடுத்ததை, பூட்டை, நான் கடைசியாகச் சொன்ன சொல்லை, முன்னறையை. அப்பா பொய் சொன்னதை. நான் தலையாட்டியதை.

அவர் அழவில்லை. ஒரு குழந்தை எழும்பிச் சிணுங்கியது. அதைத் தூக்கித் தோளில் போட்டுத் தட்டினார். வெகுநேரம் தட்டினார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"அது இருக்கட்டும். எழும்பி வாங்க."

குழந்தையோடு முன்னால் நடந்தார். லயத்து முற்றத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். சனிக்கிழமை அரைநாள் வேலை, ஆட்கள் வந்துவிட்டிருந்தார்கள். "பெரியம்மா, வெளிய வாங்க. மாமா, நீங்களும் வாங்க" என்று ஒவ்வொரு வாசலாகக் கூப்பிட்டார். வயதான பெண்கள் ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து நின்றார்கள். காது மந்தமான கிழவர் ஒருவரைக் கைபிடித்துக் கூட்டிவந்து முன்னால் நிறுத்தினார்.

"எங்கம்மா எங்க போச்சுன்னு என்கிட்ட சொன்னீங்கல்ல, அதை இவங்ககிட்டயும் சொல்லுங்க" என்றார்.

"இவவின்ரை அம்மா அண்டைக்கு எங்கடை வீட்டுக்குத்தான் வந்தவ" என்று தொடங்கினேன். நிலத்தைப் பார்த்துக்கொண்டுதான் பேசினேன்.

"கேக்கலம்மா" என்றார் கிழவர்.

"சத்தமாச் சொல்லுங்க" என்றார் மகள்.

சத்தமாகச் சொன்னேன்.